எந்தப் பழைய சட்டையைத் தைப்பது?

நூறு வருடத்துக்கு முந்திய பெண்கள் உடையை, அந்தக் காலத்துப் பேட்டர்னை வைத்தே தைத்து உடுத்திப் பார்க்கும் ஆர்வம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. பட்டரிக், மெக்கால் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள் 1900க்கும் 1930க்கும் இடையில் விற்ற டிஷ்யூ காகிதப் பேட்டர்ன்கள் இப்போது மறுபதிப்பாக வருகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் தையல் மிஷின் வைத்திருக்கும் ஒரு பெண் நினைத்தால் அவற்றில் ஒன்றை வரவழைத்துத் துணியில் விரித்துவிடலாம். அதைத்தான் விரிக்க வேண்டுமா, இந்த மண்ணிலேயே இருந்த வேறொரு வெட்டைத் தேடிப் போக வேண்டுமா? இதை ருசிக்கு விட்டுவிட முடியாது. எந்தச் சாதிப் பெண் தைத்த சட்டை போடலாம், யார் தோளில் தைக்காத துணி கிடக்கக் கூடாது என்று அரசாணை எழுதிய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த ஊர் இது.

எடைபோட மூன்று உடைகள் இருக்கின்றன. ஒன்று அந்தக் காகிதப் பேட்டர்ன். இன்னொன்று, 19ஆம் நூற்றாண்டில் மிஷன் அம்மாமார்கள் தைக்கப் பழக்கிய தளர்ந்த குப்பாயம். அதன் நெருங்கிய உறவான வெள்ளைச் சட்டை, நசராணிகள் எனப்படும் சிரியன் கிறிஸ்தவ மூதாட்டிகளின் உடம்பில் 20ஆம் நூற்றாண்டு முழுக்க நடமாடியது. மூன்றாவது, பழைய குடும்பப் படங்களில் தெரிகிற, கை உப்பிய ஜம்பர். ‘பிளவுஸ்’ என்ற சொல் பரவுவதற்கு முன்பு நம் பாட்டிமார் அதை ஜம்பர் என்றுதான் சொன்னார்கள்.

குப்பாயத்தின் கதையை முதலில் பார்த்துவிட வேண்டும். அதைத் தைப்பவர்கள் பெரும்பாலும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் அங்கேதான் இருக்கிறது.

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1810களின் இறுதியில் நாகர்கோவில் வந்தார். 1828இல் மிஷனின் மேற்குப் பகுதிக்கு நெய்யூர் தலைமையிடம் ஆனது. இன்று நெய்யூர் என்றால் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். டாக்டர் ராம்சே அதைத் தொடங்கியது அதற்குப் பத்து வருடம் கழித்து, 1838இல். ஆஸ்பத்திரிக்கு முன்பே இங்கே ஊசியும் நூலும் வந்துவிட்டன. மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் கிறிஸ்தவ நாடார் பெண்களுக்காக, அரைக்கை வைத்த தளர்ந்த சட்டை ஒன்றைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்தச் சட்டை வந்த பாதையைச் சட்டத்தின் பக்கம் நின்று பார்க்கவேண்டும். 1814இல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ, மதம் மாறிய பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார். ஆனால் சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிளைப் பெண்களும் போடுவது போன்ற சட்டைதான் போட வேண்டும். நாயர் பெண்கள் போல மேல்சீலையைத் தோளில் போடக் கூடாது. 1822 முதல் இரணியல், கல்குளம் வட்டாரத்தில் சந்தையிலும் வழியிலும் பெண்களின் மேல்சீலையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார்கள். 1829 பிப்ரவரி 3ஆம் தேதி ராணி கௌரி பார்வதி பாயின் அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் மேல்சீலை போடுவதை அது தடுத்தது, கிறிஸ்தவப் பெண்கள் சட்டை போடுவதை அனுமதித்தது. 1858இலும் 59இலும் மறுபடி வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னரின் நெருக்கடிக்குப் பிறகு 1859 ஜூலை 26ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. எந்த மதத்து நாடார் பெண்ணும் சட்டை போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக் கட்டலாம், வேறு எந்த விதமாகவும் மார்பை மறைக்கலாம் என்றது அது. கடைசியில் ஒரு நிபந்தனையும் வைத்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது.

இந்த ஆணைகளை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. அரசுக்கும் மேல்சாதியாருக்கும் தைத்த சட்டையில் பெரிய ஆட்சேபம் இல்லை. அது உடம்பை மூடியது. ஆனால் போட்டவள் யார் என்பதைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்தது. தைக்காத மேல்சீலைதான் அவர்களை உறுத்தியது, ஏனென்றால் அதைப் போட்டால் யார் எந்தச் சாதி என்று தெரியாது. நம் பெண்கள் குப்பாயத்தைப் போட்டுக்கொண்டு, அதன் மேலேயே சீலையையும் போட்டுக்கொண்டு நடந்தார்கள். அடி விழுந்தது அதற்குத்தான்.

ஆகவே, நாடக மேடையிலும் விழா ஊர்வலத்திலும் ஒரு வெள்ளைக் குப்பாயத்தை மட்டும் மாட்டிவிட்டு ‘இதுதான் போராட்ட உடை’ என்று காட்டுவதை என்னால் ஏற்க முடியாது. அது அனுமதி பெற்ற உடை. போராட்டம் அதற்கு மேலே கிடந்த துணியில் இருந்தது. குப்பாயத்தைத் தைக்கிறவர், தைக்க வேண்டியதே இல்லாத இன்னொரு துண்டுத் துணியையும் அதோடு எடுத்து வைக்க வேண்டும். இந்த நிபந்தனையை நான் விடமாட்டேன். 2019இல் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தை எடுத்துவிட்டது. இந்த மேல்சீலை விஷயம் அந்தப் பாடத்தில்தான் இருந்தது. புத்தகத்திலிருந்து பாடம் போன பிறகு, மேடையிலும் காட்சியகத்திலும் நிற்கிற உடையே பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடுகிறது. அது சரியாக இருக்க வேண்டாமா?

இனி வெட்டுக்கு வருவோம்.

குப்பாயத்துக்குக் கடையில் விற்ற பேட்டர்ன் கிடையாது. அதன் இனத்தைச் சேர்ந்த தளர்ந்த சட்டைகள் எல்லாமே நேர்வெட்டு என்ற ஒரே தர்க்கத்தில் நிற்பவை. துணியைத் தோளில் மடித்துப் போட்டுக் கழுத்துக்கு மட்டும் இடம் வெட்டுவது, கைக்கு இரண்டு நீள்சதுரத் துண்டுகள், அக்குளில் ஒரு சிறு சதுரம். அந்தச் சதுரத்தை மூலை வாட்டத்தில் வைத்துத் தைத்தால் அங்கே துணி குறுக்கிழையில் விழும். கையைத் தூக்கும்போது இழுபடாமல் கொடுத்துப் போகும். வியர்வையில் முதலில் இற்றுப்போவதும் அக்குள்தான். இற்றுப்போனால் அந்தச் சதுரத்தை மட்டும் பிரித்து வேறு துண்டு வைத்தால் சட்டை இன்னொரு வருடம் ஓடும். தறியில் வந்த அகலத்தை அப்படியே பயன்படுத்துவதால் கழிவுத் துணி கழுத்துத் துண்டு மட்டுமே. இரணியலிலும் வடசேரியிலும் கைத்தறியில் நெய்த துணியை எண்ணி எண்ணி வாங்கியவர்களுக்கு இது சிறிய லாபம் அல்ல.

இன்றைய பிளவுஸை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு டார்ட், வளைத்து வெட்டிய கைக்குழி, உள்ளே லைனிங், பின்னால் ஆழக் கழுத்து. பிடித்து உட்கார வேண்டும் என்பதற்காகவே வெட்டப்படுகிற உடை அது. அழகாக உட்காருகிறது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த மாவட்டத்தின் புழுக்கத்தில், கைக்குழி ஓரம் நனைந்து கிழியாத பிளவுஸை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரு வருடத்தில் உடம்பு சற்று மாறினால் உள்ளே விட்டு வைத்த துணியைப் பிரிக்க வேண்டும். உள்ளே துணி விடாத தையல்காரரிடம் கொடுத்திருந்தால் சட்டையையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

காகிதப் பேட்டர்னின் பக்கம் உள்ள வாதத்தையும் அதன் முழு பலத்தோடு கேட்க வேண்டும். எபனேசர் பட்டரிக் 1863 வாக்கில் அளவுவாரியான காகிதப் பேட்டர்ன்களை விற்கத் தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அவற்றில் அச்சே இருக்காது. மெல்லிய காகிதத்தில் துளைகள் மட்டும் இருக்கும். எந்தத் துளை மடிப்பு, எது டார்ட், எது நேர்இழை என்பதை உறையில் இருக்கும் சில வரிகளை வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். மெக்கால் கம்பெனி முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில்தான் கோடுகளை அச்சிடத் தொடங்கியது. தைக்கத் தெரிந்தவளுக்கு மீதி தெரியும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட பேட்டர்ன்கள் அவை. இந்த இடத்தில் நம் ஊர்த் தையல்காரர் வெளிநாட்டுக்காரரைவிடத் தயாராகவே இருக்கிறார். அளவுச் சட்டையைத் துணி மேல் விரித்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு இழுத்து, பேப்பரே இல்லாமல் வெட்டுகிறவருக்கு அந்தத் துளைகள் மிரட்டலாக இருக்காது.

ஆனால் 1900 முதல் 1908 வரையிலான பிளவுஸ் பேட்டர்ன்கள், மார்பை முன்னே தள்ளி இடுப்பைப் பின்னே இழுக்கும் கார்செட்டை உள்ளே போட்ட உடம்புக்காக வெட்டப்பட்டவை. முன்பக்கம் பை போல் தொங்கும் துணியும், கழுத்தை நெருக்கி எலும்புக் குச்சி வைத்து நிமிர்த்திய காலரும், முதுகில் வரிசையாகப் பொத்தான்களும் அந்தக் கோலத்துக்கு வேண்டியவை. கார்செட் இல்லாத உடம்பில் அந்தப் பேட்டர்னைப் போட்டால் முன்பக்கம் தளர்ந்து தொங்கும், முதுகு குறுகிப் பிடிக்கும். கார்செட்டையும் சேர்த்துத் தைத்துக் கட்டிக்கொண்டால் காலம் சரியாக இருக்கும். மே மாதத்து நெய்யூரில் அப்படி ஒருத்தி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்த நியாயமும் சொல்லவில்லை.

அந்த பிளவுஸுக்கு ஆதரவாக ஒரே ஒரு வாதம் என்னை உண்மையில் தடுத்து நிறுத்தியது. அதுதான் லேஸ். குப்பாயம் தைக்கக் கற்றுக்கொடுத்த அதே மால்ட் அம்மையார், மார்த்தா மால்ட், 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் பெண்களுக்குத் தலையணையில் ஊசி குத்திப் பின்னும் லேஸ் வேலையைக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் அந்த வருமானத்தைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான் என்பதை நினைத்தால் அந்தக் காசின் கனம் புரியும். அந்தத் தொழில் 20ஆம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. நெய்யூருக்கு அருகே முளகுமூட்டில் 1897இல் வந்து சேர்ந்த பெல்ஜியக் கன்னியர் மாரி லூயிஸ் தெ மீஸ்டரின் சபையும் அனாதைப் பெண்களுக்கு லேஸும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தது. நான் சொன்ன அந்த 1900களின் வெள்ளை மல் பிளவுஸுக்கு வரிசை வரிசையாக இடை லேஸ் வேண்டும். அந்த லேஸை உலகத்துக்கு அனுப்பிய இடங்களில் இந்த மாவட்டமும் ஒன்று. எனவே அந்த பிளவுஸை அன்னியம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க முடியாது. இங்கே பின்னிய விரல்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அந்த விரல்களுக்குச் சொந்தமானவர்கள் அதை உடுத்தியது அரிது.

இதை எடைபோட்ட பிறகும் என் முடிவு மாறவில்லை, ஆனால் திருந்தியது. லேஸைப் பின்னியவர்களின் வேலையை மதிக்க விரும்புகிறவர் அந்த பிளவுஸை ஒரு முறை தைக்கட்டும். கையால் பின்னிய லேஸை எப்படித் துணிக்குள் இறக்குவது, பின்னால் இருக்கும் துணியை எப்படி வெட்டி எடுப்பது, ஓரத்தை எப்படி உருட்டித் தைப்பது என்பதெல்லாம் அந்த உடையில்தான் முழுமையாக விளங்கும். அதோடு அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடலாம். உடுத்த வேண்டிய உடை அது அல்ல.

காகிதப் பேட்டர்ன் வகையிலேயே சற்றுப் பின்னால் வந்தால் கதை மாறுகிறது. 1910ஐ ஒட்டி மேற்கில் ‘மாக்யார்’ என்ற வெட்டு வந்தது. கையும் உடலும் ஒரே துண்டு, அக்குளில் ஒரு சேர்ப்புத் துண்டு. 1920களின் நடுவில் மேரி புரூக்ஸ் பிக்கன் பாடம் எழுதிக்கொடுத்த ஸ்கிராண்டன் தையல் கல்வி நிறுவனம், ஒரு மணி நேரத்தில் தைத்துவிடலாம் என்று ஓர் உடையைப் பிரபலமாக்கியது. அதுவும் நீள்சதுரத்தைத் தோளில் மடித்து வெட்டுவதுதான். கார்செட்டை விட்டுவிட்ட மேற்கு, நம் கரையோரத்துப் பெண்கள் பல தலைமுறையாகப் போட்டிருந்த நேர்வெட்டுக்கு வந்து சேர்ந்தது. இந்தப் பேட்டர்ன்கள் நமக்குப் பயன்படும். ஆனால் குப்பாயத்தைத் தைக்கத் தெரிந்தவள் இவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தேவை குறைவு.

ஜம்பர் விஷயத்தில் நான் அதிகம் தயங்கினேன். தோளில் சுருக்கி உப்ப வைத்த கை, கழுத்தை ஒட்டிய வட்டம், முன்னால் ஊக்கு. கையின் தலையில் துணி சேர்த்து வைத்திருப்பதால் கை நன்றாக அசையும். ஆனால் அந்த உப்பலைத் தாங்குவதற்காகக் கைக்குழியை மேலே தூக்கி வெட்டியிருப்பார்கள். இறுகும். அப்படியே தைப்பவர்கள் குறைந்தது அரை இஞ்ச் இறக்கியாக வேண்டும். இதற்குச் சான்று அசலாகவே கிடைக்கும், ஏனென்றால் பல வீட்டுப் பெட்டிகளில் பழைய ஜம்பர் இன்னும் மடித்துக் கிடக்கிறது. பிரிக்காமலே அதன் மேல் மெல்லிய தாளை வைத்து, தையல் ஓடும் இடமெல்லாம் ஊசியால் குத்தி அளவு எடுக்கலாம். ஆனால் எந்த வீட்டுப் பெட்டியில் அது கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். ஸ்டுடியோவில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள முடிந்தவர்களின் உடை அது. வயலில் நாற்று நட்டவள் அதைப் போட்டுக்கொண்டு நிற்கிற படம் பெரும்பாலும் நமக்குக் கிடைப்பதில்லை. ஜம்பரை ‘அந்தக் காலத்துப் பெண்கள் உடை’ என்று பொதுவாக விற்றால் அது பாதிப் பொய்.

இந்த இடத்தில் என் விதியையே சோதிக்கிற ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 1915இல் இதே திருவிதாங்கூரின் கொல்லம் பக்கம், பெரிநாட்டில், புலையப் பெண்கள் அடிமை அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்தெறிந்துவிட்டு ரவிக்கை போடத் தொடங்கினார்கள். புலையர் தலைவர் அய்யன்காளியின் இயக்கம் அது. கலவரம் வெடித்தது. பிறகு கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் பெண்கள் எல்லோர் முன்பும் மாலையை அறுத்துப் போட்டார்கள். அங்கே தைத்த சட்டைதான் எதிர்ப்பு. மேல்சீலை தேவைப்படவில்லை. ஆக, சட்டைக்கென்று நிலையான பொருள் ஒன்று கிடையாது. யாருடைய உடம்பில், எந்த வருடத்தில், எந்த ஆணைக்கு எதிரே என்பதை வைத்துத்தான் அது முடிவாகிறது. 1820களின் நெய்யூர்ப் பெண்ணுக்குக் குப்பாயத்தோடு மேல்சீலை வேண்டும். 1915இன் பெரிநாட்டுப் பெண்ணுக்கு ரவிக்கையும் வெறும் கழுத்தும் வேண்டும். இரண்டையும் ஒரே பொம்மையில் கலக்கக் கூடாது. தைப்பவர் ஊரையும் வருடத்தையும் முடிவு செய்துகொண்டுதான் கத்திரியை எடுக்க வேண்டும்.

முழுக்கக் கையால் தைத்தால்தான் அசல் என்று வாதிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 20ஆம் நூற்றாண்டு பிறப்பதற்கு முன்பே சிங்கர் மிஷின் இந்தியாவுக்கு வந்துவிட்டது. 1910, 20களின் உடையை மிஷினில் தைப்பதால் எந்த அசலும் கெட்டுப்போகாது. கையால் செய்ய வேண்டியது காஜாவும் ஓர ஹெம்மிங்கும். ஓவர்லாக் மட்டும் வேண்டாம். அதற்குப் பதில் ஓரத்தை மடித்து மூடித் தைத்தால் காலமும் சரியாக இருக்கும், துணியும் நாள்படும்.

எனவே தீர்ப்பு இது. உடுத்துவதற்கு என்றால் நேர்வெட்டுக் குப்பாயத்துக்கே முதல் இடம். அதன் வெட்டு இந்த வெயிலுக்கும் இந்தத் துணிக்கும் இசைகிறது, செப்பனிட இடம் கொடுக்கிறது, பருத்தாலும் இளைத்தாலும் பயன்படுகிறது. மல் துணியிலோ மெல்லிய காடாவிலோ தைக்கலாம். முன்பக்கம் திறப்பு வைத்துக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்க்கும், முதுகில் ஊக்கு மாட்ட முடியாத முதியவர்களுக்கும் அதைவிட வசதி இல்லை. பிடித்து உட்காராது என்பது உண்மைதான். சேலைக்கு உள்ளே போட விரும்புகிறவர்கள் பக்கத் தையலை இரண்டு விரல் உள்ளே தள்ளலாம், அக்குள் சதுரத்தைத் தொடக் கூடாது. சொந்த வீட்டின் பெட்டியிலிருந்து எடுத்த ஜம்பருக்கு இரண்டாம் இடம், அது எந்த வீட்டுப் பெட்டி என்பதையும் சேர்த்துச் சொன்னால். காகிதப் பேட்டர்ன்களில் 1910க்குப் பிறகு வந்த நேர்வெட்டுகள் பழகுவதற்கு நல்லவை. அதற்கு முந்தியவை லேஸ் வேலை கற்க மட்டும்.

பள்ளி நிகழ்ச்சிக்கோ காட்சியகத்துக்கோ குப்பாயம் தைத்துத் தரச் சொல்லி யாராவது நெய்யூர்த் தையல்காரரிடம் வந்தால், அவர் சட்டைக்கு அளவு எடுப்பதற்கு முன்பு மேல்சீலைக்கான துணி எங்கே என்று கேட்கட்டும். கொண்டுவரவில்லை என்றால் கொண்டுவந்த பிறகு வெட்டுகிறேன் என்று சொல்லிவிடலாம்.